தென்னமரத் தோட்டத்துச் செம்பனையும் கணினி நிரலின் பெயர்களும்

கோலா சிலாங்கூர் மாவட்டத்தில், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்றும் இப்போது பெஸ்தாரி ஜெயா என்றும் வழங்கும் சிற்றூருக்கு அருகே ஒரு தோட்டம் இருக்கிறது. அதன் பெயர் தென்னமரம். ஆங்கிலப் பதிவேடுகளிலும் இதே தமிழ்ப் பெயர்தான். ஆனால் உலகச் செம்பனை வரலாற்றில் அந்தத் தோட்டம் இடம்பெற்றதற்குத் தென்னை காரணமன்று. 1917ஆம் ஆண்டு, காப்பிப் பயிர் சரிவராமல் போன நிலத்தில், மலாயாவிலேயே முதன்முறையாக வணிக நோக்கில் செம்பனை நடப்பட்டது அங்கேதான். அந்த முயற்சிக்குப் பின்னால் இருந்தவர் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகோனியே. பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசைப் பெற்றவரும் அவரே.

தோட்டத்தின் பெயர் தென்னமரம். முன்பு நட்டது காப்பி. பிறகு நின்றது செம்பனை. வெளியூரிலிருந்து முதன்முறையாக வருபவர் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு இளநீர் குடிக்கலாம் என்று உள்ளே நுழைந்தால் ஏமாந்துதான் திரும்புவார். உள்ளூர்க்காரருக்கு இதில் குழப்பமில்லை. பழகிப்போன பெயர் அவருக்குப் பொருளைத் தேடச் சொல்வதில்லை. புதிதாக வருபவரோ பெயரை நம்பித்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

கணினி நிரல் எழுதும் தொழிலில் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளாக நடந்துவரும் பெரிய விவாதம் ஒன்றின் சாரமும் இதுவேதான். ஒரு பொருளுக்கு என்ன பெயர் வைப்பது? யாருக்காக வைப்பது? பொருள் மாறிய பின் பெயரை என்ன செய்வது?

நன்னூல் காட்டிய வழி

தமிழ்ப்பள்ளியில் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த விவாதம் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், பெயர்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்று பிரித்துக் காட்டுகிறது. காரணம் ஏதுமின்றி வழங்குவது இடுகுறி. மண், மரம் என்பன அவ்வகை. காரணம் பற்றி வருவது காரணப் பெயர். பறப்பதால் பறவை, நான்கு கால்கள் இருப்பதால் நாற்காலி.

தோட்டப்புறத் தமிழர்கள் இலக்கண நூலைக் கையில் வைத்துக்கொண்டு பெயரிடவில்லை. ஆனாலும் அவர்கள் வைத்த பெயர்களில் பல தெளிவான காரணப் பெயர்கள். ஆங்கிலத்தில் ரப்பர் என்ற சொல் எப்படி வந்தது? பென்சில் எழுத்தை அழிப்பதற்கு இந்தப் பொருள் உதவுகிறது என்று 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி குறிப்பிட்டார். தேய்த்து அழிப்பது என்ற அந்தச் சிறு பயனே ஆங்கிலத்தில் அதற்குப் பெயராக நிலைத்துவிட்டது. தோட்டத்துத் தமிழர் அந்த மரத்தைப் பால்மரம் என்றனர். மரத்தைச் சீவினால் என்ன வரும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. செவ்வண்ணக் குலை தள்ளும் பனை செம்பனை ஆயிற்று. இந்தப் பெயர்களைக் கேட்பவருக்கு விளக்கவுரை தேவைப்படுவதில்லை.

நிரலுக்குள் பெயர் எங்கே வருகிறது?

கணினி நிரல் என்பது கணினிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுப்பு. அதில் ஒவ்வோர் எண்ணுக்கும், ஒவ்வொரு பட்டியலுக்கும், ஒவ்வொரு செயலுக்கும் நிரலர் ஒரு பெயர் வைக்க வேண்டும். கணினிக்கு அந்தப் பெயரின் பொருள் தேவையில்லை. 'அ' என்று வைத்தாலும் 'அரிச்சந்திரன்' என்று வைத்தாலும் அது ஒரே விடையைத்தான் தரும். பெயரின் பொருள் மனிதருக்கு மட்டுமே தேவை.

பால் வெட்டுத் தொழிலாளியின் கூலிக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நிரலர் இப்படி எழுதுகிறார்: அ = இ × உ. மற்றொருவர் இப்படி எழுதுகிறார்: பால்_கூலி = பால்_எடை × எடைக்கான_விலை. இரண்டும் ஒரே பெருக்கல்தான். முதல் வரியில் தவறு இருந்தால் அதைக் கண்டுபிடிக்க எழுதியவரையே தேடிப் போக வேண்டும். இரண்டாவது வரியில் தவறு இருந்தால் கணினியே தெரியாத பழைய கிராணி ஒருவரும் "இங்கே இடிக்கிறதே" என்று சொல்லிவிடுவார்.

அப்படியானால் முற்காலத்து நிரலர்கள் ஏன் ஓரெழுத்துப் பெயர்களை வைத்தார்கள்? சோம்பல் மட்டும் காரணமன்று. 1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு பெயருக்கு ஆறு எழுத்துகளுக்கு மேல் அனுமதியில்லை. மேலும் ஆங்கில எழுத்து ஐ முதல் என் வரை எதில் தொடங்கினாலும் அது முழு எண். மற்ற எழுத்துகளில் தொடங்கினால் தசம எண் என்று விதி இருந்தது. 1964இல் வந்த பேசிக் மொழியின் முதல் வடிவத்தில் பெயர் என்பது ஓர் எழுத்து, அல்லது ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும் மட்டுமே. நினைவகம் சிறிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்த காலம் அது.

அதே காலத்தில் வேறு வழியில் சிந்தித்தவர்களும் இருந்தார்கள். கிரேஸ் ஹாப்பர் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் கருத்துகளை அடியொற்றி 1959, 1960ஆம் ஆண்டுகளில் உருவான கோபோல் மொழி, முப்பது எழுத்து வரை நீளும் பெயர்களை அனுமதித்தது. கணக்கு அலுவலகத்தில் இருப்பவரும் வாசித்துப் பார்க்கக் கூடியதாக நிரல் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். சம்பளப் பட்டியலும் வங்கிக் கணக்கும் பல்லாண்டுகள் அந்த மொழியில் எழுதப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

ராத்தலா, கிலோவா?

பொருள் தரும் பெயர் வைத்தால் மட்டும் போதுமா என்றால் போதாது. பால்_எடை என்பது நல்ல பெயர்தான். ஆனால் எந்த அளவையில் எடை? தோட்டத்தில் ஒரு தலைமுறைக்கு எடை என்றால் ராத்தல். மலேசியா 1970களில் மெட்ரிக் அளவைக்கு மாறியபோது அடுத்த தலைமுறைக்கு அது கிலோ ஆயிற்று. ஒரு கிலோ ஏறத்தாழ 2.2 ராத்தல். பழைய ராத்தல் விலையைப் புதிய கிலோ எடையோடு பெருக்கினால் தொழிலாளிக்குக் கிடைப்பது பாதிக்கும் குறைவான கூலி.

இது வெறும் கற்பனைக் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. 1998 டிசம்பரில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, செவ்வாய்க் கோளின் தட்பவெப்பத்தை ஆராய ஒரு விண்கலத்தை அனுப்பியது. 1999 செப்டம்பர் 23ஆம் நாள் அது செவ்வாயை நெருங்கியபோது தொடர்பு அறுந்து அழிந்தது. ஒரு நிரல் உந்துவிசைக் கணக்கை ராத்தல் அளவையில் தந்தது. அதை வாங்கிய மறுபக்கம் மெட்ரிக் அளவையான நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ நான்கரை மடங்கு வேறுபாடு. விண்கலத்தின் மதிப்பு மட்டும் ஏறத்தாழ 12.5 கோடி அமெரிக்க டாலர். அந்த எண்ணின் பெயரிலேயே அளவையும் ஒட்டிக்கொண்டிருந்தால், யாராவது ஒருவர் கண்ணில் அது பட்டிருக்க வாய்ப்பு உண்டு. 'பால்_எடை_கிலோ' என்று எழுதுவது ஒரு சொல் கூடுதல்தான். அந்தக் கூடுதல் சொல்தான் காவல்.

அங்கேரியரின் முன்னொட்டும் தமிழரின் தலைப்பெழுத்தும்

பெயருக்கு முன்னால் அடையாளம் சேர்க்கும் வழக்கத்தைப் பெரிய முறையாக வளர்த்தவர் சார்லஸ் சிமோனி. 1948இல் அங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்த இவர், அமெரிக்கா சென்று, 1981இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் சேர்ந்து, வேர்ட், எக்செல் போன்ற செயலிகளின் உருவாக்கத்தில் முன்னின்றார். ஒவ்வொரு பெயரின் தொடக்கத்திலும் அது எவ்வகைப் பொருள் என்பதைக் காட்டும் ஒரு சிறு முன்னொட்டை வைக்க வேண்டும் என்பது அவரது முறை. அதற்கு அங்கேரியக் குறியீடு என்று பெயர் வந்தது. அங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் எழுதுபவர்கள் என்பதும் இந்தப் பெயருக்குப் பொருத்தமாக அமைந்தது.

தமிழர்களுக்கு இது எளிதில் விளங்கும். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதுவது தமிழர் வழக்கம். தனிப் பெயர் பலருக்கு ஒன்றாக இருக்கலாம். தலைப்பெழுத்து யார் வீட்டுப் பிள்ளை என்று காட்டிவிடும். மலேசியாவில் அடையாள அட்டையில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று வருவதும் அப்படித்தான். 'அனாக் லெலாகி', 'அனாக் பெரெம்புவான்' என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கமான அவை, இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று உறவைப் பெயருக்குள்ளேயே பதிந்து வைக்கின்றன.

சிமோனியின் நோக்கம் எளிமையானது. ஒரு தீம்பாரில் நிரை எண்ணும் மர எண்ணும் இரண்டுமே எண்கள்தாம். ஆனால் நிரை எண்ணோடு மர எண்ணைக் கூட்டினால் பொருளற்ற விடைதான் வரும். பெயரின் முன்னால் 'நிரை' என்றும் 'மரம்' என்றும் அடையாளம் இருந்தால் அந்தத் தவறு பார்த்த மாத்திரத்தில் தெரியும். பொருளின் பயனைக் காட்டுவதே முன்னொட்டின் வேலை. ஆனால் பின்னால் வந்தவர்கள் பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள். முழு எண்ணா, தசம எண்ணா, எத்தனை இலக்கம் கொண்ட பெட்டி என்பதை மட்டும் முன்னொட்டில் வைத்தார்கள். அது கணினிக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி. மனிதருக்கு அதனால் பெரிய பயனில்லை.

விளைவு என்னவாயிற்று? விண்டோஸ் இயங்குதளத்தில் 'டபிள்யூ-பாரம்' என்று ஒரு பெயர் உண்டு. முன்னால் நிற்கும் 'டபிள்யூ' அது 16 பிட் அளவுள்ளது என்பதைக் குறிக்க வைத்தது. பின்னாளில் அதன் அளவு 32 பிட் ஆயிற்று. பிறகு 64 பிட் கணினிகளில் 64 ஆயிற்று. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. உலகெங்கும் எழுதப்பட்ட எண்ணற்ற நிரல்கள் அந்தப் பெயரைச் சொல்லி அழைப்பதால் அதை மாற்ற முடியவில்லை. செம்பனை நிற்கும் தோட்டத்துக்குத் தென்னமரம் என்ற பெயர் நிலைத்ததைப் போன்ற கதைதான் இதுவும்.

மரத்துக்கு எண், தீம்பாருக்கு ஆண்டு

பெயருக்குள் செய்தியைப் பொதிந்து வைக்கும் கலையில் தோட்டத் துறையும் பின்தங்கியிருக்கவில்லை. 1925இல் அமைந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், சிலாங்கூரின் சுங்கை பூலோவில் தன் சோதனை நிலையத்தை வைத்திருந்தது. அங்கு உருவான மர வகைகளுக்குக் கழகத்தின் பெயர்ச் சுருக்கமும் வரிசை எண்ணும் சேர்ந்து பெயராயின. தோட்டப்புறத்தில் புகழ்பெற்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்பது அவற்றுள் ஒன்று. அதன் பெற்றோர் இருவர்: ஜாவாவிலிருந்து வந்த 'ஜீர் 1', சிலாங்கூரில் பிறந்த 'பி.பி. 86'.

பி.பி. என்பது பிராங் பெசார் தோட்டத்தின் சுருக்கம். முதல் உலகப் போர் முடிந்த பின் பிரிட்டிஷ் முன்னாள் படை அதிகாரிகள் திறந்த தோட்டம் ஆகையால், பெரும்போர் என்று பொருள்படும் மலாய்ப் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்தத் தோட்டம் இன்று இல்லை. அதன் நிலத்தில் எழுந்து நிற்பது புத்ராஜெயா. சுங்கை பூலோ சோதனை நிலையத்தின் நிலமும் நகராக உருமாறி வருகிறது. ஆயினும் பெயர்களைப் படிக்கத் தெரிந்த ஒருவர், ஒரு மரத்தின் பெயரைக் கேட்டதும் அது எங்கே பிறந்தது, எந்தத் தாய் தந்தைக்குப் பிறந்தது என்று சொல்லிவிட முடியும். ஒழுங்கான பெயரிடும் முறை, நிலமே மறைந்த பின்னும் வரலாற்றைச் சுமக்கிறது.

தோட்டங்களில் தீம்பார்களுக்கு நட்ட ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களையும் ஓர் எழுத்தையும் சேர்த்துப் பெயரிடும் வழக்கமும் உண்டு. '92 ஏ' என்றால் 1992இல் நட்ட முதல் பகுதி. மரத்தின் வயதைத் தனியே கேட்க வேண்டியதில்லை. எந்தப் பகுதியை எப்போது மறுநடவு செய்வது என்பது பெயரைப் பார்த்தாலே தெரிகிறது. மறுநடவு செய்தால் பெயரும் மாறுகிறது. பொருள் மாறும்போது பெயரையும் மாற்றிவிடும் நல்ல ஒழுங்கு அது.

இதில் ஒரே ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டு இலக்க ஆண்டு. 17 என்றால் 1917ஆ, 2017ஆ? உலகக் கணினிகள் 2000ஆம் ஆண்டு பிறப்பை அஞ்சிக் காத்திருந்ததற்கும் இதே சிக்கல்தான் காரணம். இரண்டு இலக்கம் போதும் என்று முன்னோர்கள் வைத்த சிக்கனப் பெயர்களைத் திருத்த நாடுகள் பெரும்பொருள் செலவிட்டன. 1990இல் மலேசியாவில் வந்த 12 இலக்க அடையாள அட்டை எண்ணிலும் பிறந்த ஆண்டுக்கு இரண்டு இலக்கமே. அதை அடுத்துப் பிறந்த தேதியும், பிறகு மாநிலக் குறியீடும் வருகின்றன. சிலாங்கூருக்கு 10. படிக்கத் தெரிந்தவருக்கு அந்த எண்ணும் ஒரு காரணப் பெயர்தான். ஆனால் 1915இல் பிறந்த பாட்டியையும் 2015இல் பிறந்த கொள்ளுப்பேத்தியையும் அந்த இரண்டு இலக்கம் மட்டும் வேறுபடுத்திக் காட்டாது.

பெயர் மாற்றம் எளிதா?

கோலா சிலாங்கூருக்குப் பெயர் மாற்றம் பழகிப்போன செய்தி. நகருக்கு மேலே நிற்கும் புக்கிட் மெலாவத்தி குன்றின் கோட்டையை 1784இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றி, தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் நினைவாக ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டே, 1785இல், சுல்தான் இப்ராகிம் அதை மீட்டுக்கொண்டார். டச்சுக்காரர்கள் ஆண்டது ஓராண்டளவுதான். ஆனால் குன்றின் மேல் பின்னாளில் 1907இல் எழுந்த கலங்கரை விளக்கம் இன்றுவரை ஆல்டிங்ஸ்பர்க் என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. பழைய நிரல்களிலும் இப்படி ஒரு பெயர் கிடக்கும். வைத்தவர் போய்விட்டார், காரணமும் போய்விட்டது, தொட அஞ்சிப் பிறகு வந்தவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள்.

பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. பழைய பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இருந்தார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பலகை மாறியது, வரைபடம் மாறியது. தோட்டத்துப் பெரியவர்கள் பேச்சில் இன்றும் பழைய பெயர் வந்துவிடுகிறது. நிரலில் ஒரு பெயரை எல்லா இடங்களிலும் ஒரே கட்டளையில் மாற்றித்தரும் கருவிகள் இன்று இருக்கின்றன. 1999இல் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய நூல், இயங்கும் நிரலின் அமைப்பையும் பெயர்களையும் சிறிது சிறிதாகச் செம்மைப்படுத்துவதை ஒரு தொழில்நெறியாகவே நிலைநாட்டியது. ஊரின் பெயரை மாற்றுவதைவிட நிரலின் பெயரை மாற்றுவது எளிது. எளிதாக இருந்தும் செய்யாமல் விடுவதுதான் குற்றம்.

தமிழில் பெயர் வைக்கலாமா?

ஜாவா மொழிக்கு 1997இலும் பைத்தான் மொழிக்கு 2001இலும் பெயரிடும் நெறிகள் எழுத்தில் வந்தன. ஜாவா நெறியின்படி, பொருள் வகைக்குப் பெயர்ச்சொல், செயலுக்கு வினைச்சொல். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் பெயரியல், வினையியல் என்று தனித்தனி இயல்களாக வகுத்த பாகுபாடே இங்கும் பயன்படுகிறது. பைத்தான் நெறியின் அடிப்படை இன்னும் எளியது: நிரல் எழுதப்படுவதைவிட வாசிக்கப்படுவதே மிகுதி.

பல சொற்களை ஒட்டி எழுதும்போது ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக்குவது ஒரு முறை. இடையிடையே திமில் போல எழுத்து எழும்புவதால் அதற்கு ஒட்டக முறை என்று பெயர். தமிழுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே கிடையாது. ஆகவே தமிழில் ஒட்டகம் நடக்காது. சொற்களுக்கு இடையே அடிக்கோடு போடும் முறைதான் பொருந்தும். 2008இல் வந்த பைத்தான் 3 பதிப்பிலிருந்து தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்க முடியும். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியிலோ கட்டளைச் சொற்களே தமிழில் உள்ளன. உலகச் சந்தைக்கு எழுதும் நிரலுக்கு ஆங்கிலப் பெயர் தேவைப்படலாம். ஆனால் முதன்முதலாகக் கற்கும் பிள்ளைக்கு, பெயர் என்பது பொருளைச் சொல்ல வேண்டும் என்ற உண்மை தாய்மொழியில்தான் விரைவாக விளங்கும்.

பின்னால் வருபவருக்காக

பெயரின் அருமை தோட்டப்புற மக்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. அதிகாலைப் பெரட்டில் கிராணி செக்ரோலைப் பார்த்து அழைத்த பெயர்தான் அன்றைய கூலிக்கு ஆதாரம். காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் பதிந்த பெயர்கள் வீட்டுக்கு வீடு மாறின. ஒரே தந்தையின் பெயர், அண்ணன் பத்திரத்தில் ஒரு விதமாகவும் தம்பி பத்திரத்தில் வேறு விதமாகவும் இருந்த குடும்பங்கள் பல. ஓரெழுத்து வேறுபாட்டால் தந்தையும் மகனும் ஒரே குடும்பம் என்று மெய்ப்பிக்க அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள் உண்டு. எழுதியவருக்கு அது ஒரு நொடி வேலை. அனுபவித்தவருக்கு அது பல ஆண்டுப் பாடு.

1999இல் தொடங்கப்பட்ட சிலாங்கூர் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இன்று பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறது. தென்னமரத்துக்கு அருகிலேயே இளையோர் கணினித் துறையைப் படிக்கிறார்கள். 2017 முதல் இடைநிலைப் பள்ளிகளில் அடிப்படைக் கணினி அறிவியலும் பாடமாக அறிமுகமாகியிருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளின் பேரர்கள் நாளை வங்கிக்கும் மருத்துவமனைக்கும் பதிவு அலுவலகத்துக்கும் நிரல் எழுதப் போகிறார்கள். 'ஏ/எல்' என்பதில் உள்ள சாய்வுக் கோட்டைக் கண்டு பிழை என்று தள்ளிவிடும் படிவத்தை எழுதுவதும், அதை ஏற்றுக்கொள்ளும் படிவத்தை எழுதுவதும் அவர்கள் கையில் இருக்கும்.

அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய பாடம் நீளமானதன்று. பெயர் வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பொருள் என்ன, எந்த அளவை, யார் வாசிப்பார் என்று கேட்க வேண்டும். பொருள் மாறினால் பெயரையும் மாற்ற வேண்டும். தென்னமரம் தன் பழைய பெயரோடு இருந்துவிட்டுப் போகட்டும்; அது வரலாறு. நாளை எழுதப் போகும் நிரலில் செம்பனைக்குச் செம்பனை என்றே பெயர் இருக்கட்டும்.